ஜெல்லும் கேப்ஸ்யூலும்: மெனோபாஸுக்குப் பிறகு ஹார்மோன் சிகிச்சை, வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது

கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சை என்றால் மருந்துப் பையில் இரண்டு பொருள் இருக்க வேண்டும். ஒன்று எஸ்ட்ரோஜன் (தோலில் தடவும் ஜெல், பேட்ச் அல்லது மாத்திரை), இன்னொன்று புரோஜெஸ்டிரோன் (கேப்ஸ்யூல்). பலன் கண்ணுக்குத் தெரிவது முதலாவதில். குப்பென்று உடம்பு கொதிப்பதும், நடுராத்திரியில் நைட்டி நனைந்து எழுவதும் அடங்குவது எஸ்ட்ரோஜனால்தான். இரண்டாவது எதையும் செய்வதாகவே தெரியாது. காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், முதல் சில மாதம் லேசாக ரத்தம் படும், மாதாமாதம் தனியாக ஒரு செலவு. அதனால் ஆறேழு மாதம் கழிந்ததும் யாரையும் கேட்காமல் நிறுத்தப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். நீண்ட காலப் பயன்பாட்டில் நேரும் தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

காரணம் எளிது. எஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும். வளர்ந்ததை அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன். அடக்க ஆளில்லாமல் வருடக்கணக்கில் வளர்ந்தால் சவ்வு தடித்து, புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குப் போகலாம். அமெரிக்காவில் நடந்த பெப்பி ஆய்வில் எஸ்ட்ரோஜன் மட்டும் 3 வருடம் சாப்பிட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த வகைத் தடிப்பு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 100-க்கு ஒருவர் அளவுதான். புரோஜெஸ்டிரோன் சேர்த்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே பணம் நெருக்கடி என்றோ கேப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து நிறுத்துங்கள், அல்லது எஸ்ட்ரோஜனை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஜெல்லை வைத்துக்கொண்டு கேப்ஸ்யூலை விடுவது மட்டும் கூடாது.

மாத்திரையா, ஜெல்லா, பேட்ச்சா

எஸ்ட்ரோஜனில் ஒரு வகை எஸ்ட்ரடையால். எஸ்ட்ரடையால் வாலரேட் மாத்திரை 1 மி.கி., 2 மி.கி. அளவுகளில் வருகிறது. ஒரு டம்ளர் தண்ணீரோடு முடிந்துபோகும் வேலை, விலையும் குறைவு. ஆனால் வாய்வழி போகும் எஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைத் தொட்டுவிட்டுத்தான் உடம்புக்குப் போகிறது. அங்கே அது ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது, ட்ரைகிளிசரைடை ஏற்றுகிறது. காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவது இதனால்தான். தோல் வழியாகப் போகும் ஜெல்லிலும் பேட்ச்சிலும் வழக்கமான அளவுகளில் இந்தக் கூடுதல் தென்படவில்லை. எடை அதிகம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு அதிகம், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தொடங்கும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் ரத்தக்கட்டு என்று ஏதாவது ஒன்று இருந்தால் மாத்திரையைவிட ஜெல் பக்கம் போவதுதான் நியாயம். நம் ஊரில் ஐம்பது வயதில் இந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லாத பெண்கள் எத்தனை பேர்?

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்வழி எஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கூட்டிவிடும். இதுவரை போதுமாக இருந்த தைராக்ஸின் அளவு போதாமல் போகலாம். அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாக வரும். பழி ஹார்மோன் சிகிச்சையின் மேல் விழும். தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் டி.எஸ்.ஹெச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஜெல்லில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பேட்ச் இங்கே மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஏப்ரல், மே வியர்வையில் ஓரம் பிரிந்து புடவையோடு போய்விடும். சென்னைக்கு ஜெல்தான்.

ஜெல் தடவும் முறை

சொட்டு மருந்துபோல எண்ணி விடக்கூடிய விஷயமல்ல இது. தடவியதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். எங்கே, எப்படித் தடவுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு கூடும் குறையும். 0.06 சதவீத ஜெல்லில் பம்ப் வகை என்றால் ஓர் அழுத்தலுக்கு 1.25 கிராம் ஜெல் வரும், அதில் 0.75 மி.கி. எஸ்ட்ரடையால். 80 கிராம் பம்ப்பில் 64 அழுத்தல். தினம் ஒன்று என்றால் இரண்டு மாதம், தினம் இரண்டு என்றால் ஒரு மாதம் ஓடும். புதுப் பம்ப்பைத் திறந்ததும் ஜெல் வரும்வரை அழுத்தி, முதலில் வருவதைத் துடைத்துக் குப்பையில் போட வேண்டும். அது முழு அளவாக இருக்காது. 64 தாண்டியும் ஏதோ வருகிறதே என்று தொடர்வதும் அதே தவறு. வருவது அளவு குறைந்த ஜெல். பத்து நாள் கழித்துக் கொதிப்பு திரும்பும்போது மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். திறந்த தேதியைப் பம்ப்பின் மேலேயே மார்க்கரில் எழுதி வைப்பது நல்லது.

தடவ வேண்டிய இடம் தோள், மேல்கை அல்லது தொடை. மார்பில் கூடாது, முகத்தில் கூடாது. தேய்த்து ஊற வைக்க வேண்டாம். அகலமாக, மெல்லிசாகப் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. பேரக் குழந்தையைத் தூக்கி அந்தத் தோளில் சாய்த்துக்கொள்ளவும் கூடாது. ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் காய்வதற்குள் அடுப்பின் பக்கமோ சாமி விளக்கின் பக்கமோ போக வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் எண்ணெயும் வியர்வையும். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இருந்தால் அன்று காலையில் ஜெல் வேண்டாம். சீயக்காய் போட்டுக் குளித்தாலும் தோலில் எண்ணெய்ப் படலம் மிச்சமிருக்கும். சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசருக்கும் இதே கதைதான். தினமும் ராத்திரி, உடம்பைக் கழுவித் துடைத்து வியர்வை அடங்கிய பிறகு, ஃபேன் கீழே நின்று தடவுவது பலருக்கும் சரியாக வருகிறது. அப்படியே படுக்கும் நேரத்துக் கேப்ஸ்யூலையும் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒரே பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றை விட்டு ஒன்றைத் தொடரும் ஆபத்தும் குறையும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் இன்னொரு விஷயம். கையில் ஜெல் தடவியிருந்து அதே கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் ஹார்மோன் கலந்து எஸ்ட்ரடையால் அளவு பொய்யாக எகிறும். அதைப் பார்த்து அளவைக் குறைத்தால் கொதிப்பு திரும்பும். லேப் பையனிடம் மறுகையை நீட்டுங்கள். உண்மையில் எல்லாருக்கும் அந்த டெஸ்ட் தேவையும் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகத் தடவியும் அடங்கவில்லை என்றால் பார்க்கலாம்.

கேப்ஸ்யூல்

கடையில் வாங்கும்போது "இது கர்ப்பமா இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். அதே மருந்துதான், மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன். சங்கடப்பட ஒன்றுமில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகவில்லை என்றால் மாதத்தில் 12 முதல் 14 ராத்திரிக்கு 200 மி.கி.; முடிந்ததும் மாதவிடாய்போல ரத்தம் வரும். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் தினம் ராத்திரி 100 மி.கி., இடைவெளி இல்லாமல். இது பொதுவான அளவு. ஜெல்லின் அளவு கூடினால் இதையும் கூட்ட வேண்டி வரலாம். மருத்துவர் அதைச் சேர்த்தே முடிவு செய்வார்.

படுக்கும்போதுதான் சாப்பிட வேண்டும். உடலில் இது உடைந்து உண்டாகும் ஒரு பொருள், தூக்க மாத்திரைகள் மூளையில் வேலை செய்யும் அதே இடத்தில் போய் வேலை செய்கிறது. தூக்கம் கெட்டவர்களுக்கு இது லாபம். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் உடம்பு ஒரேயடியாக அதிகம் உறிஞ்சிக்கொண்டு தலைசுற்றல் வரும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தள்ளாடி விழுந்து எலும்பு உடைந்தால், எலும்பைக் காக்க என்று தொடங்கியதே வீணாகும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு நேரே படுக்கைக்குப் போவது உத்தமம். சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெய் உண்டு. கடலை அலர்ஜி இருந்தால் அட்டையைப் படிக்க வேண்டும்.

"அதே காம்பினேஷன்தாம்மா, கம்பெனி மட்டும் வேற" என்று கடைக்காரர் மாற்றித் தரும்போது ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள். சாதாரணக் கேப்ஸ்யூலுக்குப் பதில், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரை வந்திருக்கலாம். கம்பெனி மாறுவதில் தப்பில்லை, வகை மாறினால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேப்ஸ்யூல் எந்த விதத்திலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை உண்டு, அல்லது காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் தாமிரத்துக்குப் பதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள ஐ.யு.டி. போட்டுக்கொள்ளலாம். வெறும் காப்பர்-டி இதற்கு உதவாது. கேப்ஸ்யூலை மறப்பவர்களுக்கு இந்தக் கடைசி வழி பெரிய நிம்மதி.

என்ன, எப்போது மாறும்

கொதிப்பு இரண்டு முதல் நான்கு வாரத்தில் குறையத் தொடங்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வேண்டும். பத்து நாளில் தெரியவில்லை என்று அளவை நீங்களே இரட்டிப்பாக்க வேண்டாம். ஆய்வுகளில் கொதிப்பின் எண்ணிக்கை சுமார் முக்கால் பங்கு குறைகிறது. முழுதாக மறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மார்பு கனத்து வலிப்பது முதல் ஒன்றரை மாதத்தில் வரும், பெரும்பாலும் தானே போகும்.

ரத்தம் படுவதைப் பற்றித்தான் பயம் அதிகம். தினமும் இரண்டையும் பயன்படுத்துகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரைகூட, லேசாகப் பட்டு நிற்கலாம். ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தால், அல்லது நின்றுபோய்ப் பல மாதம் கழித்துத் திடீரென வந்தால், உள்வழி ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். தேவைப்பட்டால் சவ்விலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே முதல் கேள்வியே "கேப்ஸ்யூல் விடாம சாப்பிட்டீங்களா?" என்பதுதான். உண்மையைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அடுத்து என்ன என்று முடிவாகும்.

ஜெல்லும் கேப்ஸ்யூலும் சரியாகப் போகும்போதும் ராத்திரி வியர்வை நிற்கவில்லையா? உடனே அளவைக் கூட்டக் கேட்காதீர்கள். கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் வியர்க்கும். வியர்த்து எழுந்த அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனை. தைராய்டு அதிகமானாலும் இதே வியர்வைதான். மெனோபாஸ் கொதிப்பு மார்பிலோ கழுத்திலோ தொடங்கி முகத்துக்கு ஏறி, சில நிமிடத்தில் அடங்கி, பின்னால் ஒரு குளிர் விட்டுவிட்டுப் போகும். ஏசி ரூமிலும் வரும். அக்னி நட்சத்திர வெயில் அப்படி வந்து போகாது.

2002-இன் பயம்

"ஹார்மோன் எடுத்தா கேன்சர் வரும்" என்ற பேச்சின் ஊற்று 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு, டபிள்யூ.ஹெச்.ஐ. அதில் 16,608 பெண்கள், வயது 50 முதல் 79, சராசரி 63. கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜன் 0.625 மி.கி.யும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அசிடேட் 2.5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை. 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டு 8, இதய நோய் 7 கூடுதல். இடுப்பெலும்பு முறிவு 5, குடல் புற்றுநோய் 6 குறைவு. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலத் தொடர்ச்சியில் குறைந்தே இருந்தது. 2017-இல் வந்த 18 வருடக் கணக்கில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மொத்த மரணத்தில் வித்தியாசமில்லை.

ஆக, 63 வயதில் வாய்வழி மாத்திரையில் தொடங்கியவர்களின் கணக்கை 49 வயதில் ஜெல் தொடங்குகிறவர் தன் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 வருடத்துக்குள் தொடங்கினால் தராசு நன்மைப் பக்கம் சாயும் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல்களின் நிலை. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுவதால் அந்த 10 வருடம் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்காக மார்பகப் புற்றுநோய்ப் பயம் முழுப் பொய் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். 2019-இல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, 50 வயதில் தொடங்கி 5 வருடம் தினமும் இரண்டு ஹார்மோனும் எடுத்தால் 69 வயதுக்குள் ஏறக்குறைய 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரும். எஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200-க்கு ஒருவர். இது மேலை நாட்டுப் பெண்களின் கணக்கு. இந்தியாவில் அடிப்படை விகிதமே குறைவு. ஆனால் சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாயைத் தாண்டி மார்பகம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பிரான்சின் ஈ3என் ஆய்வு, மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனில் இந்த ஆபத்து பழைய வகைகளைவிடக் குறைவு என்று காட்டியது. அது கண்காணிப்பு ஆய்வுதான் என்றாலும், கேப்ஸ்யூலைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கையை இந்த மருந்துகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. எஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள மருந்துகளில் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை மட்டும் எடுக்கவில்லை. கேப்ஸ்யூலை விடாதீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர், ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர் ஆகியோருக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. ஞாபக மறதியைத் தடுக்க, இதயத்தைக் காக்க என்று மட்டும் தொடங்கவும் கூடாது. தொடங்கும் முன் பி.பி., மேமோகிராம், பாப் ஸ்மியர், உள்வழி ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு, டி.எஸ்.ஹெச். போதும். 45 தாண்டி அறிகுறிகள் தெளிவாக இருந்தால் மெனோபாஸ்தானா என்று பார்க்கும் எஃப்.எஸ்.ஹெச். டெஸ்டுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

கர்ப்பப்பை எடுத்தவர்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். "டி.ஏ.ஹெச்." என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பை மட்டும் போயிருக்கிறது. கூடவே "பி.எஸ்.ஓ." என்று இருந்தால் இரண்டு ஓவரியும் சேர்ந்து போய்விட்டன, அன்றைக்கே மெனோபாஸ். 45-க்குள் அப்படி ஆனவர்களுக்கு, தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதுதான் எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. அவர்களுக்கு இதைக் கூடுதல் மருந்தாகப் பார்க்கக் கூடாது, இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவுதான். பொதுவாகக் கேப்ஸ்யூலும் தேவையில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்கள் மட்டும் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தில் புரியாவிட்டால் அறுவை செய்த இடத்திலேயே கேட்கலாம். "எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா" என்ற பதிலை ஏற்காமல் ஓவரி இருக்கிறதா இல்லையா என்று நேராகக் கேளுங்கள்.

பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும்போது

மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் போகிறவர்கள் கையில் இருக்கும் ஸ்டாக்கைக் கணக்கிட வேண்டும். தினம் இரண்டு அழுத்தல் என்றால் ஆறு பம்ப். மருந்தின் வேதிப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதம் கூடவே இருக்கட்டும். இங்குள்ள பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. 80 கிராம் பம்ப் கைப்பையில் போகலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருபது மணி நேரப் பயணத்துக்கு முன் ரத்தக்கட்டு பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். முழங்கால் மாற்று போன்ற பெரிய அறுவைக்கு முன் மயக்க மருந்து மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடுவதும் தவறு. வீட்டில் வைக்கும்போது ஜெல்லை ஜன்னல் ஓரத்திலும் பூட்டிய காரிலும் விட வேண்டாம்.

எத்தனை வருடம்

கொதிப்பு இரண்டு வருடத்தில் போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் நடந்த ஸ்வான் ஆய்வில் அதன் நடுத்தர நீளம் 7 வருடத்துக்கு மேல். தொடங்கி மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை மருத்துவரைப் பார்த்து, பி.பி.யும் எடையும் குறித்து, மேமோகிராம் தேதி வந்துவிட்டதா என்று பார்த்து, அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று பேசித் தொடர்வதுதான் முறை. ஐந்து வருடம் ஆனதும் கட்டாயமாக நிறுத்த வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

நிறுத்தும்போது இரண்டு அழுத்தலை ஒன்றாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு மூன்று மாதத்தில் இறக்கினால் கொதிப்பு திரும்பும் வேகம் முதலில் குறைவாக இருக்கும். நீண்ட நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஜெல் ஓடும் வரை கேப்ஸ்யூலும் ஓட வேண்டும். மார்கழி, தை மாதத்தில் தொடங்குங்கள், மே மாதத்தில் வேண்டாம். நிறுத்தியதும் எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு மெல்லக் கரையும், எனவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்த்து அடுத்து என்ன என்று முடிவு செய்ய வேண்டும்.

கொதிப்பு அடங்கிய பிறகும் அடங்காதது கீழே வறட்சியும் எரிச்சலும், அடிக்கடி வரும் யூரின் இன்ஃபெக்‌ஷனும். வயது ஏற ஏற அது கூடத்தான் செய்யும். அதற்கு எஸ்ட்ரியால் கிரீம் போதும்: அப்ளிகேட்டரின் வளையக் குறி வரை நிரப்பி, முதல் இரண்டு மூன்று வாரம் தினம் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு முறை. முழுப் பலனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்குள் கைவிடக் கூடாது. உடம்பில் சேரும் அளவு மிகக் குறைவு என்பதால் இதற்குக் கேப்ஸ்யூல் வேண்டியதில்லை, வருடக்கணக்கில் தொடரலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். அப்ளிகேட்டரை வெந்நீரில் கொதிக்கவிட்டால் வளைந்துபோகும். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.